கல்லும் சீட்டும்

விண்கல் சேகரிக்கிறேன் என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் விலையைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். "வானத்திலிருந்து விழுந்ததை நாம் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா அம்மா?" என்று கேட்பவர்கள் அபூர்வம். அப்படிக் கேட்பவரை உட்காரச் சொல்லி, காபி கொடுத்துப் பேசுவேன். இந்தப் பொழுதுபோக்கை எப்படி நடத்த வேண்டும் என்பது முழுக்க அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு மண்ணில் விழும் விண்கல் கண்டெடுத்தவருக்குச் சொந்தமில்லை. யார் வயலில் விழுந்ததோ அவருக்கும் சொந்தமில்லை. ஆங்கிலேயர் காலத்திலிருந்தே அவற்றுக்குக் காப்பாளர், கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புவியியல் ஆய்வு மையம். ஜி.எஸ்.ஐ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட இந்திய விண்கற்கள் இதுவரை பதிவாகியிருக்கின்றன. நாளைக்கு நம் கண்ணெதிரே ஒன்று விழுந்தால் தாசில்தாரிடமோ காவல் நிலையத்திலோ சொல்லி ஒப்படைக்க வேண்டும். எடுத்து அலமாரியில் வைத்துக்கொள்ளக் கூடாது. இது நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் என் அலமாரியில் இருப்பது என்ன? ஜெர்மனியில் இருக்கும் தம்பி அங்கே முறையாக வாங்கி, ரசீதோடு கொடுத்த இரண்டு துண்டுகள். ஒன்று, ரஷ்யாவின் தூரக்கிழக்கில் சிகோட்டே அலின் மலைப்பகுதியில் 1947 பிப்ரவரி 12 அன்று காலையில் விழுந்த இரும்பு விண்கல்லின் சில்லு. கட்டைவிரல் அளவுதான். வெடித்த வேகத்தில் முறுக்கிக் கிழிந்த ஓரங்கள் இன்னும் கையைக் கீறும். இன்னொன்று சஹாராவில் கிடைத்த கல் விண்கல்லின் மெல்லிய சீவல். இவை போக, எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடித் தூசியிலிருந்து பொறுக்கிய, கடுகைவிடப் பல மடங்கு சிறிய மணிகள் சில கண்ணாடிக் குப்பிகளில் இருக்கின்றன. அவை விண்ணிலிருந்து வந்தவைதானா என்பது இன்னும் உறுதியாகவில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு சீட்டு இருக்கும். என்ன பொருள், எங்கே விழுந்தது, எப்போது, என்ன எடை, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, நான் அதற்கு என்னென்ன செய்தேன் என்பதெல்லாம் அதில் உண்டு. பள்ளியில் முப்பது ஆண்டுக்கு மேல் வேதியியல் சொல்லிக்கொடுத்த பழக்கம். ஆனால் கல்லைவிடச் சீட்டு முக்கியம் என்பது எனக்கு ஆழமாக உறைத்தது ஓய்வுபெற்ற பிறகு, இந்தக் கற்களோடு பழகியதில்தான்.

சஹாராச் சீவலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அதிகாரப்பூர்வப் பெயர் 'வடமேற்கு ஆப்பிரிக்கா', அதோடு ஓர் எண். பொதுவாக விண்கல்லுக்கு அது விழுந்த ஊரின் பெயரைத்தான் வைப்பார்கள். இதற்கு ஊர் தெரியாது. பாலைவனத்தில் யாரோ ஒரு நாடோடி கண்டெடுத்து, மொராக்கோச் சந்தையில் விற்று, கை மாறி மாறி வந்த கல். எங்கே கிடந்தது, பக்கத்தில் வேறு துண்டுகள் இருந்தனவா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இப்படி எண் மட்டும் தாங்கிய கற்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கல்லின் வயது சுமார் 456 கோடி ஆண்டு. அதைச் சொல்லிவிட முடிகிறது. பத்திருபது ஆண்டுக்கு முன் எந்த மேட்டில் கிடந்தது என்பதைச் சொல்ல ஆளில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டுவோமே, அதை நினைத்துப் பாருங்கள். என் பாட்டியின் பித்தளைத் தவலையில் அவர் பெயரும் ஊரும் கல்யாண வருஷமும் இருக்கின்றன. அந்த ஒரு வரி இருப்பதால்தான் அதை எடைக்குப் போட யாருக்கும் கை வரவில்லை. அதே வயதுடைய, பெயரில்லாத அண்டா எப்போதோ போய்விட்டது.

பொருள் போனாலும் குறிப்பு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஜஹாங்கீர் கதையைச் சொல்வேன். 1621இல் ஜலந்தர் பக்கம் ஒரு கிராமத்தில் பெருத்த சத்தத்தோடு ஒளி ஒன்று விழுந்தது. அந்த ஊர் அதிகாரி இடத்தைத் தோண்டச் சொன்னார். சூடு ஆறாத இரும்புக் கட்டி வெளியே வந்தது. பாதுஷா அதைத் தன் முன்னால் நிறுக்கச் சொன்னார். 160 தோலா இருந்தது. பிறகு வாள் செய்வதில் பேர்பெற்ற உஸ்தாத் தாவூதிடம் கொடுத்தார். சுத்தியல் அடிக்கு அது உதிர்ந்தது. அதனால் மூன்று பங்கு வான இரும்போடு ஒரு பங்கு சாதாரண இரும்பைச் சேர்த்து, இரண்டு வாளும் ஒரு குத்துவாளும் ஒரு கத்தியும் செய்தார்கள். கல்லாக அது பிழைக்கவில்லை. கத்தி மட்டும் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கிறது. ஆனால் பாதுஷா தன் நினைவுக் குறிப்பில் இதையெல்லாம் எழுதி வைத்தார். ஒரு சேகரிப்பாளர் கேட்கக்கூடிய எல்லாமே அதில் இருக்கிறது. நானூறு ஆண்டு கழித்து, பெசன்ட் நகரில் உட்கார்ந்து நான் அந்தக் கொல்லரின் பெயரைச் சொல்கிறேன்.

நம்மிடம் அதற்கும் வெகு முந்திய குறிப்பு ஒன்று உண்டு. புறநானூற்றின் 229ஆம் பாட்டில் கூடலூர் கிழார், வானிலிருந்து ஒரு மீன் எரிந்து விழுந்ததைச் சொல்கிறார். வெறுமனே 'விழுந்தது' என்று சொல்லிப் போகவில்லை. பங்குனி மாதம், அந்த இரவில் எந்த நாள்மீன் எங்கே நின்றது என்று அடுக்கிவிட்டுத்தான் விழுந்ததைச் சொல்கிறார். ஏழாம் நாள் சேர மன்னன் இறந்தான். கெட்ட சகுனம் என்ற அவர் கணிப்பை நான் ஏற்கவில்லை. அவர் வானத்தைப் பார்த்த கவனத்துக்குத் தலை வணங்குகிறேன். அந்தக் கவனம் பாட்டிலிருந்து நாளைக் கணக்கிடலாமா என்று பிற்கால ஆய்வாளர்களை யோசிக்க வைத்திருக்கிறது.

எங்கள் பாட்டி, எரிநட்சத்திரத்தைப் பார்த்துவிட்டால் உடனே பச்சை மரத்தைப் பார்க்கச் சொல்வார். பார்க்காவிட்டால் மறதி வந்துவிடுமாம். மறக்கக் கூடாது என்ற அந்தப் பயம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது. நான் மரத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக நோட்டை எடுத்து நேரத்தையும் திசையையும் எழுதுகிறேன்.

தமிழ் மண்ணில் விழுந்த கற்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. 1857 பிப்ரவரி 28 அன்று நண்பகலில், மதுரைக்குத் தெற்கே இரண்டு கற்கள் சில மைல் இடைவெளியில் விழுந்தன. இரண்டும் சேர்ந்து 77 கிலோவுக்கு மேல். அந்தப் பகுதியில் இருந்த டெய்லர் என்ற அமெரிக்க மிஷனரி விவரங்களைத் திரட்டி எழுதினார். பெரிய கல்லின் பெரும்பகுதி இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 'பர்னல்லி' என்ற பெயரில் இருக்கிறது. பிறந்த பிறகு அதிகம் சூடேறாத, ஆதி நிலை கெடாத வகை என்பதால் ஆய்வாளர்கள் இன்னும் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறார்கள். 1886 ஜனவரியில் அன்றைய தென்னாற்காடு பக்கம் நம்மியந்தலில் ஒன்று விழுந்தது. 2008 செப்டம்பர் 12 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி அருகே சுமார் 110 கிலோ எடைக்குத் துண்டுகள் விழுந்தன. உலகப் பட்டியலில் 'சூளகிரி' என்ற பெயர் ஏறியிருக்கிறது. தக்காளிக்கும் ரோஜாவுக்கும் பேர்போன ஊர் என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்வார்கள். இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

ஏன் இவற்றை இத்தனை பாதுகாப்பாக வைக்க வேண்டும், பார்த்தோம், எடைபோட்டோம், போதாதா என்று கேட்கலாம். பதில் பீகாரில் இருக்கிறது. 1865 ஆகஸ்ட் 25 அன்று கயா பக்கம் ஷெர்காட்டியில் ஐந்து கிலோக் கல் ஒன்று விழுந்தது. மற்ற விண்கற்களைப் போல அது இல்லை. பூமியின் எரிமலைப் பாறை போல இருந்தது. ஏன் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. எடுத்து வைத்தார்கள், சீட்டு ஒட்டினார்கள், அவ்வளவுதான். நூறு ஆண்டுக்கு மேல் அது அலமாரியில் இருந்தது. 1976இல் வைக்கிங் விண்கலங்கள் செவ்வாயில் இறங்கி அங்கத்திய காற்றை அளந்தன. 1983இல், அண்டார்டிகாவில் கிடைத்த ஒரு கல்லுக்குள் சிறைப்பட்டிருந்த வாயு அந்த அளவோடு ஒத்துப்போவதைக் கண்டார்கள். அந்தக் கல், ஷெர்காட்டிக் கல்லின் இனம். அந்த வகைக்கே உலகம் முழுக்க ஷெர்காட்டைட் என்றுதான் பெயர். நம் பீகார் கிராமத்தில் விழுந்தது செவ்வாய்க் கிரகத்தின் துண்டு என்பது இப்படித்தான் தெரிய வந்தது.

1865இல் அதை எடுத்து வைத்த குமாஸ்தா யாரென்று எனக்குத் தெரியாது. அவர் காலத்தில் வைக்கிங் இல்லை, அந்தக் கேள்வியைக் கேட்கும் கருவியே இல்லை. அவருக்குத் தெரிந்தது ஒழுங்காக வைப்பதும் ஒழுங்காக எழுதுவதும்தான். இன்னும் பிறக்காத ஒருவர், இன்னும் தோன்றாத ஒரு கேள்வியோடு வருவார் என்று நம்பி ஒரு பொருளைப் பார்த்துக்கொள்வது, என் கண்ணுக்கு மிக உயர்ந்த வேலை. வயதான பிறகு எனக்குக் கிடைத்த பெரிய ஆறுதலும் அதுதான். எல்லாக் கேள்விக்கும் நானே விடை கண்டுபிடித்துவிட்டுப் போக வேண்டும் என்ற அவசரம் போய்விட்டது.

பார்த்துக்கொள்வது என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதை விவரமாகவே சொல்கிறேன். எலியட்ஸ் பீச்சிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிறவர்களுக்கு இரும்பைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி, கேட்டின் கீல், ஏ.சி.யின் வெளிப்பெட்டி என்று உப்புக்காற்று ஒன்றையும் விடாது. இரும்பு விண்கல்லுக்கு இது எமன். விரிசல் வழியாகக் குளோரைடு உள்ளே போய்விட்டால், ஈரம் படும்போதெல்லாம் மேற்பரப்பில் பழுப்புத் துளிகள் கசியும். துடைத்தால் அடங்கினது போல இருக்கும். நாலு நாளில் திரும்ப வரும். குளோரைடு இரும்பைத் துருவாக்கிவிட்டுத் தான் தீர்ந்துபோவதில்லை. விடுபட்டு அடுத்த இரும்பைப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் கல் ஏடு ஏடாக உரியும்.

ஆகவே வெறும் கையால் தொடுவதில்லை. விரல் வேர்வையிலும் உப்புத்தானே. குழாய்த் தண்ணீரில் கழுவுவதில்லை. கடலோரத்து போர்வெல் தண்ணீரில் என்ன இருக்கும் என்பது எங்கள் பகுதி கெய்சர்களைப் பார்த்தால் தெரியும். கசிவு கண்டால் காரம் சேர்த்த காய்ச்சி வடித்த நீரில் பல நாள் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் குளோரைடை வெளியேற்ற வேண்டும். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் அலசி, மிதமான சூட்டில் காயவைத்து, மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். கல் விண்கல்லுக்கு எண்ணெய் ஆகாது, உறிஞ்சிக் கறுத்துவிடும். எல்லாவற்றையும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த ஜெல் சீக்கிரமே நிறம் மாறிவிடும். எடுத்துச் சூடாக்கி மறுபடி வைக்க வேண்டும். அலுப்பான வேலை என்று தோன்றலாம். எனக்கு இது நாள்கிழமை போல. அந்தத் தேதி வந்தால் செய்தாக வேண்டும்.

உறவுக்காரப் பெரியவர் ஒருவர் சிகோட்டே அலின் சில்லைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இதைப் பூஜை அறையில் வைத்து ஒரு பாலாபிஷேகம் பண்ணலாமே" என்றார். அந்த பக்தியை நான் மதிக்கிறேன். இந்தியாவின் பல ஊர்களில் மக்கள் விழுந்த கல்லைச் சந்தனம் பூவோடு கும்பிட்டிருக்கிறார்கள். தங்களைவிடப் பெரிய எதையோ அதில் கண்டிருக்கிறார்கள். நான் சொன்னது இவ்வளவுதான்: "கும்பிடுங்கள் மாமா, தாராளமாக. தண்ணியும் பாலும் மட்டும் வேண்டாம், அது தாங்காது." அவருக்குப் புரிந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றே கும்பிட்டுவிட்டுப் போனார்.

சஹாராச் சீவலைப் பேத்திக்கு விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டுவேன். சாம்பல் நிறத்துக்குள் உருண்டை உருண்டையாகச் சின்ன மணிகள் தெரியும். நடுநடுவே உலோகப் பொடி பளிச்சென்று மின்னும். அந்த உருண்டை மணிகளுக்குக் காண்ட்ரூல் என்று பெயர். பூமி உருவாவதற்கு முன்பே, சூரியனைச் சுற்றிய தூசியில் உருகித் துளியாகிக் குளிர்ந்தவை. இந்த மணிகளைக் கவனித்து முதலில் விவரித்தது, காசி அருகே 1798 டிசம்பர் 19 அன்று விழுந்த கற்களை லண்டனில் ஆராய்ந்தபோதுதான். எட்வர்ட் ஹோவர்ட் என்ற வேதியியலாளரும் பூர்னோன் என்ற கனிமவியலாளரும் 1802இல் அதை வெளியிட்டார்கள். கற்கள் வானிலிருந்து விழும் என்பதைப் படித்தவர்கள் கேலி செய்த காலம் அது. காசி கிராமத்து ஜனங்கள் கண்ணால் கண்டு சொன்னதை அந்த ஆய்வு மெய்யென்று நிறுத்தியது.

இந்த இடத்தில் கோபத்தோடு ஒன்று சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் 'இரிடியம் கலசம்', 'ரைஸ் புல்லிங்' என்று ஒரு மோசடி பல ஆண்டாக நடக்கிறது. இடி விழுந்த செம்பு, வானத்துச் சக்தி ஏறிய கலசம், அரிசியை இழுக்கும், வெளிநாட்டில் கோடிக்கணக்கில் வாங்குகிறார்கள் என்று சொல்லி ஓய்வூதியப் பணத்தைக் கறந்துவிடுகிறார்கள். என் வயதுக்காரர்கள் பலர் ஏமாந்திருக்கிறார்கள். இரிடியத்துக்கும் விண்கல்லுக்கும் உண்மையான உறவு ஒன்று உண்டு. அது இந்தப் பொய்யைவிட ஆயிரம் மடங்கு அழகானது. 1980இல் லூயிஸ் அல்வாரஸ் என்ற இயற்பியலாளரும் அவர் மகன் வால்டர் என்ற புவியியலாளரும் தங்கள் சகாக்களோடு சேர்ந்து, டைனோசர்கள் அழிந்த காலத்துக் களிமண் அடுக்கில் வழக்கத்தைவிடப் பல மடங்கு இரிடியம் இருப்பதைக் கண்டார்கள். பல மடங்கு என்றாலும், நூறு கோடிப் பங்கில் சில பங்குதான். அந்த அணுவளவுக் கணக்கிலிருந்துதான் ஒரு பெரும் விண்பாறை பூமியில் மோதியதை அவர்கள் ஊகித்தார்கள். கலசத்தில் இரிடியம் இருக்கிறது என்று யாராவது வந்தால், எங்கே கிடைத்தது, யார் சோதித்தார்கள், தாளைக் காட்டு என்று கேளுங்கள். சீட்டு இல்லாத சரக்கு அங்கேயே நின்றுவிடும்.

பெரிய இடத்துச் சொல்லையும் அப்படித்தான் சோதிக்க வேண்டியிருக்கிறது. 2016 பிப்ரவரி 6 அன்று நாட்றம்பள்ளி அருகே பொறியியல் கல்லூரி ஒன்றில் குண்டு வெடித்தது போல வெடித்துப் பள்ளம் விழுந்தது; பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்துபோனார். விண்கல் விழுந்து ஒருவர் பலி என்று அரசே அறிவித்தது, உலகப் பத்திரிகைகள் எழுதின. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், இது தரையில் நடந்த வெடிப்பு போலத் தெரிகிறது என்றார்கள். அந்தக் குடும்பத்தின் துயரம் இரண்டு வழியிலும் ஒன்றுதான். என்றாலும் அந்த மனிதர் எதனால் இறந்தார் என்பது சரியாக எழுதப்பட வேண்டும். அதுகூட நாம் அவருக்குச் செய்யும் மரியாதைதான்.

இனி மொட்டை மாடி. நார்வேயில் யோன் லார்சன் என்று ஒரு ஜாஸ் இசைக்கலைஞர். விண்தூசி ஊருக்குள் கிடைக்காது, அண்டார்டிகாவுக்கும் ஆழ்கடலுக்கும்தான் போக வேண்டும் என்று நிபுணர்கள் நம்பியிருந்த காலத்தில், வீட்டுக்கூரைகளின் மழைநீர்க் குழாய்களில் சேர்ந்த வண்டலைச் சலித்துத் தேடினார். பல ஆண்டு தேடிய பிறகு, லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மேத்யூ ஜெஞ்ச் அவருடைய மணிகளைச் சோதித்து உறுதிசெய்தார். சுமார் 300 கிலோ வண்டலிலிருந்து 500 மணிகள். 2017இல் ஆய்விதழில் வந்தது. அவர் விஞ்ஞானி இல்லை, இசைக்காரர். இதைப் படித்த அன்றே நான் மாடிக்குப் போய்த் துடைப்பத்தை எடுத்தேன்.

பூமியின் தரையை ஆண்டுக்குச் சுமார் 5,200 டன் விண்தூசி வந்தடைகிறது என்று 2021இல் வெளியான அண்டார்டிக ஆய்வு கணக்கிட்டது. எங்கள் மாடிக்கும் அதில் பங்கு உண்டு. மழைநீர் இறங்கும் மூலையில் சேரும் மண்ணைக் கூட்டி, வாளியில் போட்டு, ஒரு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் விட்டுக் கலக்குவேன். இலை தழை மிதந்து போகும். அடியில் நிற்பதை வெயிலில் காயவைத்துச் சலித்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட காந்தத்தை மேலே நகர்த்தினால் கறுப்புப் பொடி வந்து ஒட்டும். உறையைக் கழற்றினால் பொடி தாளில் உதிரும். பிறகு கம்ப்யூட்டரில் மாட்டும் சிறிய மைக்ரோஸ்கோப், பல் குத்தும் குச்சி, பொறுமை.

கஷ்டம் இனிமேல்தான். ஒட்டியதில் முக்கால்வாசி கடற்கரை மணலிலிருந்து காற்று கொண்டுவந்த மேக்னடைட், இல்மனைட். கோணல் மாணலாக இருப்பதால் இவற்றை ஒதுக்குவது சுலபம். உருண்டையாக இருப்பதுதான் ஆளை மயக்கும். பக்கத்துக் கட்டடத்தில் கிரில் வெல்டிங் நடந்தால் பளபளவென்று எத்தனையோ உருண்டைகள் விழும். அனல்மின் நிலையச் சாம்பலிலும் உருண்டைகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல் தீபாவளி. கம்பி மத்தாப்பின் பொறி ஒவ்வொன்றும் உருகிக் குளிர்ந்த இரும்பு மணிதான். அதனால் நான் கூட்டுவது தீபாவளிக்கு முன்னால், ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு. வழவழவென்று கண்ணாடி போலிருந்தால் சந்தேகப்படுவேன். உண்மையான விண்தூசி மணி, காற்றில் உரசி நொடிப்பொழுதில் உருகிக் குளிர்ந்தது; மேலே கோடு கோடாகவோ சின்னக் கிளைகளாகவோ படிகம் வளர்ந்திருக்கும். சிலவற்றின் ஓரத்தில் நிக்கல் கலந்த உலோக மணி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும்.

நம் கடலிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனத்தில் ஷியாம் பிரசாத், ருத்ரசாமி போன்றவர்கள் இந்தியப் பெருங்கடலின் அடியில், ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் படிந்த சேற்றைக் கொண்டுவந்து, சலித்து, காந்தம் கொண்டு விண்மணிகளைப் பிரித்து ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கட்டுரைப் படங்களை அச்செடுத்து என் மேஜைக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு மணியையும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் குப்பியில் போடுவேன்.

எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் வருவார்கள். "பாட்டி, இது கண்டிப்பா ஸ்பேஸ்லேர்ந்துதான் வந்துச்சு" என்று ஒரு பையன் அடித்துச் சொல்வான். "அப்படின்னா எழுது: 'வெல்டிங்கா இருக்கலாம், சந்தேகம்.' தேதி போடு" என்பேன். முகம் சுருங்கும். இருந்தாலும் எழுதுவான். இந்த 'சந்தேகம்' என்ற வார்த்தையைக் கூச்சமில்லாமல் எழுதக் கற்ற பிள்ளை, கலசக்காரனிடம் ஏமாற மாட்டான். முப்பது ஆண்டு வகுப்பறையில் நான் செய்ய முயன்றதை இந்த மாடித் தூசி சுலபமாகச் செய்கிறது. அதற்காகவே இதை நான் நேசிக்கிறேன்.

எழுபது கடந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலமாரியில் இருப்பது விண்கல்லாக இருக்க வேண்டியதில்லை. பழைய போட்டோ, நாணயம், அப்பாவின் கைக்கடிகாரம், எதுவானாலும் இன்றைக்கே ஒரு சீட்டு எழுதுங்கள். படத்தில் இருப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் பேரனுக்குத் தெரியாது. அடுத்து யாரிடம் போக வேண்டும் என்பதையும் அதே சீட்டில் எழுதுங்கள். நான் எழுதிவிட்டேன். சிகோட்டே அலின் சில்லு, நான் வேலை பார்த்த பள்ளியின் ஆய்வகத்துக்கு. சஹாராச் சீவல் பேத்திக்கு; சிலிக்கா ஜெல்லைச் சூடாக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாயிற்று.

மாடி மணிகளில் ஒன்றை மட்டும் தனியாக வைத்திருக்கிறேன். மேலே குறுக்குக் கோடுகள், ஓரத்தில் ஒரு புள்ளி. படத்தோடு ஒத்துப்போகிறது. ஆனாலும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்து மக்னீசியமும் சிலிக்கானும் இரும்பும் எந்த விகிதத்தில் இருக்கின்றன, அந்தப் புள்ளியில் நிக்கல் இருக்கிறதா என்று பார்க்காமல் எதுவும் சொல்வதற்கில்லை. பழைய மாணவி ஒருத்தி, இப்போது ஆய்வு செய்கிறவள், தன் கருவி நேரம் கிடைக்கும்போது பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். சீட்டில் இப்போதைக்கு 'சந்தேகம்' என்றுதான் இருக்கிறது. நிக்கல் இருந்தால், எங்கள் மாடியில் விழுந்ததும் இந்திய மண்ணில் விழுந்ததுதான் என்று ஜி.எஸ்.ஐ.க்கு எழுத வேண்டும். கடிதத்தைத் தயாராக எழுதி வைத்துவிட்டேன். தேதியும் அளவுகளும் மட்டும் நிரப்ப வேண்டும்.